கரிமூட்டத்துப் படங்களின் தேதி

என் வீட்டு இரும்பு பீரோவின் மேல்தட்டில் ஆறு ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கின்றன. உலகத்தின் பல மூலைகளில் பன்னிரண்டு ஆண்டுகளாக நடந்த சண்டைகள், அகதி முகாம்கள், பிள்ளைகளைக் காணாமல் தேடுபவர்களின் வீட்டு வாசல்கள் எல்லாம் அவற்றில் படங்களாகக் கிடக்கின்றன. எடுத்தவள் என் கல்லூரித் தோழி, கோட்டக்குப்பத்துக்காரி. அவளுடைய அப்பா வளைகுடாவில் கடை வைத்திருந்தார். படிப்பு முடிந்ததும் அப்பாவிடம் போனவள், அங்கே ஒரு பத்திரிகையில் படம் எடுக்கச் சேர்ந்தாள். பக்கத்து நாட்டில் சண்டை மூண்டபோது ஒரு வாரம் போய் வா என்று அனுப்பினார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

நான் திண்டிவனத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவன். எல்லோரும் என்னை ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அப்படித்தான்.

முதல் படங்கள் வந்தது ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்றரை மணிக்கு. எல்லையில் மடிக்கணினியைப் பிடுங்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று சொல்லி, இணையத்தில் ஏற்றி எனக்கு அனுப்பியிருந்தாள். திண்டிவனத்து இணையத்தில் அவை இறங்க மறுநாள் காலை ஆகிவிட்டது. தண்ணீர் லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்களோடு நிற்கும் பெண்கள். குண்டு துளைத்த பள்ளிச் சுவர், அதே சுவரில் யாரோ ஒரு பிள்ளை கரியால் வரைந்த மீன். ஒரு சிறையின் கம்பிகளுக்கு வெளியே நீட்டிய கைகள். முகங்கள் தெரியாமல் கைகளை மட்டும் எடுத்திருந்தாள். முகம் தெரிந்தால் அவர்களை அடிப்பார்கள் என்று பிறகு சொன்னாள். ஏன் என்னிடம் அனுப்பினாய் என்று கேட்டதற்கு, "நீதான் தேதி போட்டு வெப்பே" என்றாள்.

அன்றே ஒரு நீளப் பதிவேடு வாங்கினேன். ஆறு பத்திகள்: வரிசை எண், படத்தின் எண், தேதி, இடம், படத்தில் இருப்பவர், குறிப்பு. படத்தின் தேதியைக் கேமராவே கோப்பில் எழுதி வைத்துவிடுகிறது. அதைப் பார்த்து நான் மையில் எழுதினேன். பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு பதிவேடுகள் நிரம்பின. நான் ஒரு சண்டையையும் பார்த்ததில்லை. ஆனால் எந்த ஊர் மருத்துவமனையின் கூரை எந்தச் செவ்வாய்க்கிழமை விழுந்தது என்று கேட்டால் சொல்வேன். அவளுடைய பத்திரிகையிலிருந்தே இரண்டு முறை என்னைக் கேட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்த ஆண்டு மார்கழிக் கடைசியில் அவள் கோட்டக்குப்பத்துக்கு விடுமுறையில் வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. முகையூருக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் மூன்று இருளர் குடும்பங்களை வேலிகாத்தான் மரம் வெட்டிக் கரிமூட்டம் போட வைத்திருக்கிறார்கள், வெளியே விடுவதில்லை என்று யாரோ சொல்ல, உறவுக்காரப் பையனின் வண்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பொங்கலன்று மதியம் படங்களை ஒரு டிஸ்க்கில் போட்டு என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அப்போது திருவாமாத்தூர் கோயிலில் இருந்தேன். காணும் பொங்கலன்று அவள் விமானம் ஏறிவிட்டாள். பார்க்கவே முடியவில்லை.

வழக்கம்போலப் படங்களைத் திறந்து பதிவேட்டில் ஏற்றினேன். இருட்டில், லாரி விளக்கின் வெளிச்சத்தில், கரியை மூட்டை பிடிக்கும் ஆண்களும் பெண்களும். மூட்டத்திலிருந்து எழும் புகை. இடுப்பில் குழந்தையோடு சாக்கைப் பிடித்துக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கும் ஒரு பெண். கடைசிப் படத்தில், லென்ஸை மறைக்கக் கையை நீட்டிக்கொண்டு வரும் ஆள், அவர்களை வேலை வாங்கும் மேஸ்திரி. நாற்பத்தோரு படங்கள். கோப்பில் போகி தேதி இருந்தது. அதற்குப் பிறகு ஏரி, சாலை, விழுப்புரம் ரயில் நிலையம் என்று பத்தொன்பது படங்கள். அவற்றில் பொங்கல் தேதி. ஆகவே இப்படி எழுதினேன்: "போகி: கரிமூட்டம், ஆட்கள் வேலையில்." அடுத்த வரி: "பொங்கல்: மீண்டும் சென்றார். கரிமூட்டத்து ஆட்கள் படங்களில் இல்லை." மீண்டும் சென்றார் என்று அவள் சொல்லவில்லை. தேதி இரண்டாக இருந்ததால் பயணத்தையும் நானே இரண்டாக்கிவிட்டேன்.

மாசியில் அந்தக் குடும்பங்களை அதிகாரிகள் விழுப்புரத்துக்கு அழைத்து வந்து, விசாரணை முடியும்வரை ஒரு சமுதாயக் கூடத்தில் தங்க வைத்தார்கள். கொத்தடிமைகள்தான் என்று கோட்டாட்சியர் முடிவு செய்தால் விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார். இல்லையென்றால் அவர்கள் மேஸ்திரியோடு திரும்பிப் போக வேண்டியதுதான். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் என்னைத் தேடி வந்தார். படங்களையும் பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் கேட்டார். நகலின் கீழே "உண்மை நகல்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பெருமையாகக் கொடுத்தேன்.

விசாரணை வெள்ளிக்கிழமை. நானும் போயிருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளில் என் பதிவேடு முதல்முறையாக நம் ஊர் ஆட்களுக்குப் பயன்படப்போகிறது என்ற பரபரப்பில் பேருந்தில் உட்காரக்கூட முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன்.

படத்தில் குழந்தையோடு இருந்த பெண்தான் முதலில் பேசினாள். அவளுடைய அம்மா பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள், உடம்பு முடியாதவள். பொங்கலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். விடவில்லை, போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றாள். "நாங்க எங்கியும் போல சார். பொங்கலன்னிக்கும் கரி அள்ளிகினுதான் இருந்தோம்" என்றாள்.

மேஸ்திரி வேறு கதை சொன்னார். போகியன்று வேலை முடிந்ததும் இரவு பன்னிரண்டு மணிக்குள் எல்லோரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டாராம். காணும் பொங்கல் கழித்து அவர்களே சந்தோஷமாகத் திரும்பி வந்தார்களாம். ஊருக்குப் போய்த் தானாக வருகிறவன் எப்படி அடிமை என்று அவருடைய வக்கீல் கேட்டார். கேட்டுவிட்டு, மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் கையெழுத்து எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது.

"இது அவங்க தரப்பே குடுத்த ரெக்கார்டு சார். போகி, ஆட்கள் வேலையில். சரி, நாங்களும் அதத்தான் சொல்றோம். பொங்கல், மீண்டும் சென்றார், கரிமூட்டத்து ஆட்கள் இல்லை. இதுக்கு மேல நான் இன்னா சார் பேசறது?"

கோட்டாட்சியர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வதாகக் கூறி எழுந்துவிட்டார்.

வராந்தாவில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "ஐயா, படத்துல நாங்க இருக்கோம் இல்ல? அப்புறம் ஏன் நாங்க இல்லன்னு எழுதிக்கீது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

சனிக்கிழமை முழுக்கத் தோழிக்குப் போன் போட்டுப் பார்த்தேன். அவள் ஏதோ ஓர் எல்லை ஊரில் இருந்தாள், இணைப்பே கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் நடந்ததைச் சொல்லிப் புலம்பினேன். அவள் பாதிதான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, அவங்க கரிமூட்டத்துக்குப் போனது போகியா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப பொங்கலன்னிக்கு இங்க வந்தப்ப ஏன் முக்காடெல்லாம் கரியா இருந்துச்சு? பாத்ரூம்ல மூஞ்சி கழுவிட்டுத்தான் பொங்கலே சாப்பிட்டாங்க. ஒரு நாள் பூரா அந்தக் கரியோடவா சுத்திகினு இருந்தாங்க?"

நான் எழுந்தேன். பீரோவைத் திறந்து அந்த டிஸ்க்கை எடுத்தேன். இந்தமுறை தேதியைப் பார்க்கவில்லை, மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுகளில் என் பதிவேட்டில் மணிக்கென்று ஒரு பத்தி இருந்ததில்லை. நான் எழுதும் பத்திரங்களில் தேதி போடுவேன், மணி போடுவதில்லை. அந்தப் பழக்கம்.

கரிமூட்டத்துப் படங்கள் போகி இரவு பதினொன்று பத்திலிருந்து பதினொன்று ஐம்பத்தைந்து வரை. சரி, இருட்டாகத்தான் இருக்கிறது. அடுத்து ஏரி. ஏரிக்கு மேலே சூரியன், முட்டையின் மஞ்சள்கரு போல, அப்போதுதான் எழுந்திருக்கிறது. கோப்பில் மணி பார்த்தேன். இரவு ஒன்று எட்டு.

அந்தப் படத்தை ஜனவரியிலேயே பார்த்தவன் நான். "ஏரி, உதயம்" என்று அழகாகக் குறிப்பும் எழுதியிருக்கிறேன். கோயில் கல்வெட்டுப் படிப்பது என் பொழுதுபோக்கு. பிரம்மதேசம் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி யாராவது பேச வந்தால், கல்லில் இருக்கும் ஆட்சியாண்டை அப்படியே நம்பாதீர்கள், கிழமையையும் நட்சத்திரத்தையும் வைத்துச் சரிபாருங்கள் என்று பாடம் எடுக்கிறவன். இரவு ஒரு மணிக்குச் சூரியன் உதித்ததைத் தேதி மட்டும் பார்த்து ஏற்றியிருக்கிறேன்.

பஞ்சாங்கத்தை எடுத்தேன். அன்றைய உதயம் ஆறரைக்குச் சற்று மேல். ஒன்று எட்டுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்ததும், அது கிரீன்விச் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள இடைவெளி என்று எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் நம்பப் பயமாக இருந்தது. ஏறக்குறைய என்று சொல்லிக்கொண்டு கோட்டாட்சியர் முன்னால் நிற்க முடியாது. நிமிடக் கணக்கில் வேண்டும். மீதிப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். டீக்கடை. கரும்புக் கட்டு ஏற்றிய டிராக்டர். வாசல் கோலம். எதிலும் கடிகாரம் இல்லை. மனைவி மல்லாட்டையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி போடாமலே அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"இங்க பாருங்க, ரெயில்வே ஸ்டேஷன். அந்த அண்ணன் தலைக்கு மேல."

கரும்புக் கழிகளோடு நடைமேடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம். கணவன் தலைக்கு மேலே, பாதி மறைந்து, விழுப்புரம் ஜங்ஷனின் சிவப்பு எண் கடிகாரம். பெரிதாக்கினேன். 09:42. கோப்பில் மணி: 4:12.

ஐந்து மணி முப்பது நிமிடம். ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. "உக்காருங்க, தல சுத்துது" என்றாள் மனைவி. சுற்றியது அவளுக்கா எனக்கா என்று அவள் சொல்லவில்லை. போகி இரவு பதினொன்று பத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் பொங்கலன்று விடியற்காலை நான்கு நாற்பது. கடைசிப் படம் ஐந்து இருபத்தைந்து. ஒரே காலை, ஒரே பயணம். வேன் கிளம்பியதாகச் சொன்ன நேரத்துக்கு ஐந்து மணி நேரம் கழித்து, அந்தப் பெண் குழந்தையை இடுக்கிக்கொண்டு சாக்கைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்திருக்கிறாள்.

மாலையில் தோழியின் போன் கிடைத்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே, உன் கேமராவின் கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறது என்று கேட்டேன்.

"கிரீன்விச்சுலதான்யா. எப்பவுமே அதான். ஒவ்வொரு பார்டர் தாண்டறப்பவும் மாத்திகினு இருந்தா பேஜாருன்னு மொத வருஷமே நிறுத்திட்டேன்."

நான்கு பேர் நான்கு இடத்தில் எடுத்த படங்களைச் சேர்த்து, எந்தக் குண்டு எப்போது விழுந்தது என்று பிறகு பார்ப்பார்களாம். எல்லோர் கடிகாரமும் ஒன்றாக ஓடினால்தான் அது முடியும் என்றாள். அவர்கள் தொழிலில் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றேன்.

"நீ கேக்கவே இல்லியே ரைட்டரு. பன்னெண்டு வருஷமா நீ கூட்டித்தான் எழுதறேன்னு நெனச்சிகினு இருக்கேன்."

அப்படியானால் நள்ளிரவையொட்டி எடுத்த ஒவ்வொரு படத்தின் தேதியையும் நான் திரும்பப் பார்க்க வேண்டும். குண்டு விழுவது பெரும்பாலும் இரவில்தான். வேறொரு நாளாக இருந்தால் இடிந்து போயிருப்பேன். அன்று அதற்கெல்லாம் இடம் இல்லை. செவ்வாய்க்கிழமை இருந்தது. அவள் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்து அனுப்பினாள். கேமராவின் கடிகாரம் எப்போதும் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, பொங்கலன்று ஒரே ஒருமுறைதான் போனேன் என்று அதில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதிவேட்டையே தூக்கிக்கொண்டு போனேன். "போகி" என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, "பொங்கல், விடியற்காலை" என்று பக்கத்தில் எழுதியிருந்தேன். "மீண்டும் சென்றார்" என்ற வரியையும் அடித்திருந்தேன். என் தவறை முதலில் நானே சொன்னேன். தேதியை எப்படிப் பார்த்தேன், மணியை ஏன் பார்க்கவில்லை, ஒரு பயணத்தை எப்படி இரண்டாக்கினேன் என்று எல்லாம் சொன்னேன். மேஸ்திரியின் வக்கீல் சிரித்தார்.

"நீங்க பத்திரம் எழுதறவரு. அடிச்சுத் திருத்தினா செல்லுமா சார்?"

"செல்லும் சார். அடிச்சது படிக்கத் தெரியணும். திருத்தினது யாருன்னு கையெழுத்து இருக்கணும். ரெண்டும் கீது."

பதற்றத்தில் கோட்டாட்சியர் முன்னால், இருக்கிறது என்பதை ஊர்ப்பேச்சில் கீது என்று சொல்லிவிட்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். கேமரா கடிகாரத்தை யாரும் மாற்றிவிட முடியும் என்று வக்கீல் எடுத்துச் சொன்னார். கோட்டாட்சியர் படங்களின் எண்களைப் பார்த்தார். நாற்பத்தோராவது கரிமூட்டம், அடுத்த எண் ஏரி, வரிசை எங்கேயும் விடுபடவில்லை. கரிமூட்டத்தின் கடைசிப் படத்துக்கும் சூரியனுக்கும் இடையே ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. ரயில் நிலையப் படத்தை அவரே பெரிதாக்கினார். 09:42 என்று வாய்க்குள் படித்துவிட்டு ஒரு தாளில் கழித்துப் பார்த்தார். ஒருமுறை கழித்தது போதாமல் இன்னொருமுறை கழித்தார். பக்கத்திலிருந்த பெண் தாசில்தார் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு கையை நீட்டிக்கொண்டு வரும் ஆளின் படத்தைத் திறந்து, மேஸ்திரியின் பக்கம் திருப்பினார்.

"இது நீங்கதானே?"

"ஆமா சார்."

"கைக்குப் பின்னாடி நிக்கிறது இந்தம்மாதானே?"

மேஸ்திரி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் கோப்பைப் பார்த்தார்.

"மேடம் சொல்றது ஒண்ணே ஒண்ணு" என்றார் கோட்டாட்சியர், தோழியின் கடிதத்தைத் தட்டிக் காட்டி. "சூரியன் சொல்றதும் ஸ்டேஷன் கடிகாரம் சொல்றதும் அதேதான். நீங்க மூணு பேரையும் பொய்ன்றீங்க. வேன் டிரைவர் எங்க? மொத நாளே கேட்டேன், இன்னும் வரல."

பகல் இரண்டு மணிக்கு மூன்று குடும்பங்களுக்கும் சான்றிதழ் எழுதப்பட்டது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வழக்கறிஞர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். தோழிக்கு "ஜல்தி போன் பண்ணு" என்று செய்தி அனுப்பினேன். அவள் எங்கிருந்தாளோ, உடனே ஒரு பூனைப் படம் வந்தது. கோப்பில் அதன் மணி என்ன என்று பார்க்காமல் சிரித்தேன்.

அந்தப் பெண்ணிடம் மேஸ்திரியின் ஆள் ஒருவர் அவளுடைய போனைத் திருப்பிக் கொடுத்தார். சார்ஜ் இல்லை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏரிக்கரையில் இருக்கும் பாத்திரங்களையும் துணிகளையும் எடுத்துவர வருவாய்த்துறை ஜீப் போகும் என்று சொன்னார்கள். கோட்டாட்சியர் வெளியே வந்து, உங்களை எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று அவளிடம் கேட்டார். அவள் புருஷனைப் பார்த்தாள், அவன் இவளையே பார்த்தான். வண்டி தயாராக இருக்கிறது, எந்த ஊர் என்றாலும் சொல்லலாம் என்று தாசில்தார் எடுத்துக் கொடுத்தார்.

"திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல வுட்டா போதும் சார்" என்றாள் அவள். "அங்கிருந்து எங்கம்மா ஊருக்கு நாங்களே போய்க்கிறோம்."